பல கண்கள் கண்ட ஒரு காட்சி

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில், இருபுறமும் வானளாவிய மலைகள் காவல் நிற்க, அவற்றின் நடுவே அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே நெடுமதில் போல உயர்ந்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் உள்ளன. இவற்றிற்கு இடையே முல்லையாறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்ப்புறங்களை வளப்படுத்திக்கொண்டு தேனியை நோக்கிச் செல்கிறது. 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து இவ்வாற்றிற் சேர்கிறது. அதனால் வயல்களில் நெல்லும், தோட்டங்களில் திராட்சையும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன.

இப்பள்ளத்தாக்கில் வாழ்வோர் ஓர் உண்மையை நாள்தோறும் காண்கின்றனர். கம்பத்து வயல்வெளியில் நின்று கிழக்கே நோக்குபவனுக்கு மேகமலை நீலநிறச் சுவராகத் தோன்றுகிறது. அம்மலையின் மேலேறி நின்று கீழே நோக்குபவனுக்கோ, வயலும் ஊரும் ஆறும் ஒரு தாம்பாளத்தில் வைத்த பொருள்கள் போலத் தோன்றுகின்றன. இருவர் கண்டதும் மெய்யே. ஆயினும் எவனும் முழுவதையும் கண்டவன் அல்லன். இருவர் கண்டவற்றையும் முறையாகச் சேர்த்து எண்ணும்போதுதான் பள்ளத்தாக்கின் முழு உருவம் மனத்தில் தெளிவாகிறது.

கண்ணுக்கு உள்ள இவ்வெல்லை காமிராவுக்கும் உண்டு. ஒரு காமிரா ஓரிடத்திலிருந்து ஒரு பக்கத்தையே காண இயலும். ஆகவே, பல காமிராக்கள் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களை ஒன்று சேர்த்து, ஒரே காட்சியாக்கும் கலை தோன்றியது. முற்காலத்தில் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்யப்பட்ட இப்பணி, இன்று கணிப்பொறியில் மென்பொருளின் துணையால் செய்யப்படுகிறது. கருவி மாறினும் பணியின் இயல்பு மாறவில்லை. பல பார்வைகளை எவ்வாறு ஒரே காட்சியாக்குவது, அவ்வாறு ஆக்கும்போது எதனைக் காக்க வேண்டும் என்பவற்றை அறிவது பயனுடையதாகும்.

மீண்டும் நிகழாத நிகழ்ச்சி

தேனி வட்டாரத்திற்கும் திரைப்படத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இயக்குநர் பாரதிராஜா பிறந்தது தேனி அல்லிநகரத்தில். இசையமைப்பாளர் இளையராஜா பிறந்தது பண்ணைப்புரத்தில். ஆகையால் படப்பிடிப்பு என்பது இவ்வட்டாரத்து மக்களுக்குப் புதியது அன்று. கதைப்படங்களில் பெரும்பாலான காட்சிகளை ஒரே காமிராவைக் கொண்டும் எடுத்துவிடலாம். நடிகரை முதலில் தொலைவிலிருந்து எடுப்பர். பின்னர் அவரையே மீண்டும் நடிக்கச் செய்து, அருகிலிருந்து முகத்தை மட்டும் எடுப்பர். காட்சி பிழைபட்டால் மறுமுறை எடுத்துக்கொள்வர்.

திருவிழாவோ மறுமுறை நிகழாது. சித்திரைத் திங்களில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயிலில் நடைபெறும் விழாவை எண்ணிப் பார்க்கலாம். முல்லையாற்றில் நீராடிய மக்கள் அக்கினிச் சட்டி ஏந்தி வருகின்றனர். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கத் தேர் நகர்கிறது. தேரின் சக்கரம் அசையத் தொடங்கும் அந்த நொடி ஒருமுறையே வரும். "இன்னும் ஒருமுறை தொடங்குக" என்று தேரை நோக்கியோ மக்களை நோக்கியோ எவரும் ஆணையிட முடியாது.

இத்தகைய விழாவை மூவர் படம் எடுப்பதாகக் கொள்க. ஒருவர் தெருவோரத்து வீட்டின் மொட்டை மாடியில் நின்று, தேரையும் கூட்டத்தையும் முழுமையாக எடுக்கிறார். மற்றொருவர் வடம் இழுப்போர் நடுவே நின்று, அவர்தம் கைகளையும் முகங்களையும் எடுக்கிறார். மூன்றாமவன் ஒரு பள்ளி மாணவன். அவன் தேரிலிருந்து 100 மீட்டர் தொலைவில் நின்று தன் கைப்பேசியில் எடுக்கிறான். மாலையில் மூன்று காமிராக்களின் பதிவுகளும் ஒரே கணிப்பொறிக்கு வந்து சேர்கின்றன. அப்போதுதான் படத்தொகுப்பாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது.

நூறு காமிராக்களைச் சேர்த்த தமிழர்

மூன்று காமிராக்களின் படங்களைச் சேர்ப்பதே அரிதெனின், நூறு காமிராக்களின் படங்களைச் சேர்ப்பது எத்துணை அரிதாகும்! அவ்வரிய செயலைச் செய்து காட்டியவர் ஏ. கே. செட்டியார் என்னும் தமிழர். செட்டிநாட்டைச் சேர்ந்த இவர் 1911ஆம் ஆண்டிற் பிறந்தவர். நிழற்படக் கலையை வெளிநாடுகளுக்குச் சென்று கற்றவர். பல நாடுகளைச் சுற்றிப் பயண நூல்கள் எழுதியமையால் 'உலகம் சுற்றிய தமிழர்' எனப் பாராட்டப் பெற்றவர். 'குமரி மலர்' என்னும் இதழைப் பல்லாண்டுகள் நடத்தியவரும் இவரே.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது, அடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் எழுந்தது. ஆயின் அடிகளின் வாழ்க்கையோ பல நாடுகளில் நிகழ்ந்தது. கடந்துபோன நிகழ்ச்சிகளை இனி எவரும் எடுக்க இயலாது. அவற்றை அவ்வப்போது எடுத்தவர்களிடமிருந்து திரட்டுவது ஒன்றே வழி. எனவே செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த படச்சுருள்களைத் தேடி, 50,000 அடி நீளமுள்ள படத்தைத் திரட்டினார். அவற்றோடு தாமும் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார். அவற்றிலிருந்து தேர்ந்து தொகுக்கப்பட்ட 12,000 அடிப் படம் 1940ஆம் ஆண்டில் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் வெளியாயிற்று. பின்னர்த் தெலுங்கிலும் இந்தியிலும் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. 1953இல் ஆங்கிலப் படமும் அமெரிக்காவில் வெளிவந்தது. தம் முயற்சியின் வரலாற்றைச் செட்டியார் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலில் எழுதியுள்ளார்.

இவ்வளவுகளின் பெருமையைச் சிறு கணக்கால் உணரலாம். பேசும்படம் ஒரு நிமிடத்தில் 90 அடி ஓடும். ஆகவே 50,000 அடிப் படத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கவே ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். 12,000 அடி என்பது ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம். நான்கில் ஒரு பங்கைக் கொண்டு, மூன்று பங்கை விலக்கினர் என்பது இதனால் விளங்கும். ஒருவரை ஒருவர் அறியாத நூறு பேர், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு காமிராக்களால் எடுத்த துண்டுகள் ஒரு மனிதரின் வாழ்க்கையாக உருப்பெற்றன.

வேகத்தை ஒன்றாக்குதல்

அத்தகைய தொகுப்பில் எழும் முதல் இடர் வேகத்தைப் பற்றியது. திரையில் அசைவது போலத் தோன்றுவன யாவும் உண்மையில் அசையாப் படங்களின் வரிசையே. அவ்வரிசையில் உள்ள ஒவ்வொரு தனிப்படத்தையும் 'பிரேம்' என்பர். ஊமைப்படக் காலத்தில் காமிராவின் கைப்பிடியைக் கையாற் சுழற்றிப் படமெடுத்தனர். அதனால் நொடிக்கு ஏறத்தாழ 16 பிரேம்கள் பதிந்தன. சுழற்றுவோர் கைக்கேற்ப அது கூடியும் குறைந்தும் இருந்தது. பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 பிரேம்கள் என்பது விதியாயிற்று. 16 பிரேம் வீதம் எடுத்ததை 24 பிரேம் வீதம் ஓட்டினால், ஒரு நிமிடத்தில் நடந்தது 40 நொடியில் முடிந்துவிடும். பழைய செய்திப்படங்களில் பெரியோர்கள் பொம்மைகள் போல விரைந்து நடப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. நடந்தவர் விரைந்து நடக்கவில்லை. இரு வேகங்களைப் பொருத்தாத பிழையே அவரை விரைய வைத்தது.

தேர்த்திருவிழாவை எடுத்த மூவருக்கும் இதே இடர் உண்டு. இந்தியாவில் தொலைக்காட்சிக்கு உரிய அளவு நொடிக்கு 25 பிரேம். கைப்பேசிகள் பெரும்பாலும் 30 பிரேம் வீதம் எடுப்பன. மாணவனின் கைப்பேசி 30 பிரேம் வீதமும் மற்றை இரு காமிராக்கள் 25 பிரேம் வீதமும் எடுத்திருந்தால், மென்பொருள் ஒவ்வொரு நொடியிலும் கைப்பேசிப் படத்தின் 5 பிரேம்களை விட்டுவிட்டே பொருத்தும். நொடிக்கணக்கு ஒத்துவரும், ஆனால் தேர் நகரும்போது சிறுசிறு துள்ளல் தோன்றும். இன்னுமொரு சிக்கலும் உண்டு. பல கைப்பேசிகள் வெளிச்சத்திற்கேற்பப் பிரேம் அளவைத் தாமே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன. அத்தகைய பதிவை முதலில் ஒரே சீரான அளவுக்கு மாற்றிக்கொண்ட பின்னரே தொகுப்பில் சேர்க்க வேண்டும். ஆயினும் வந்தபின் திருத்துவதினும் வருமுன் காப்பதே நன்று. படமெடுக்கும் முன்பே மூவரும் கூடி, "யாவரும் 25 பிரேம் வீதமே எடுப்போம்" என்று முடிவு செய்துகொண்டால் இவ்விடரே எழாது.

நேரத்தை ஒன்றாக்குதல்

இரண்டாவது இடர் நேரத்தைப் பற்றியது. மூவரும் ஒரே நொடியிற் படமெடுக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். மாடியில் நின்றவர் தேர் புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்னரே தொடங்கியிருப்பார். மாணவன் தேர் அசைந்த பின்னர்த் தொடங்கியிருப்பான். மூன்று பதிவுகளையும் கணிப்பொறியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே நொடி ஒரே நேர்க்கோட்டில் வருமாறு நகர்த்திப் பொருத்த வேண்டும்.

இதற்குத் திரையுலகினர் கண்ட எளிய வழி கிளாப் பலகை. பலகையின் மேற்சட்டம் கீழ்ச்சட்டத்தில் மோதும் கணத்தில் ஒலியும் எழுகிறது, காட்சியும் தெரிகிறது. அவ்வொலியையும் அக்காட்சியையும் நேர்நிறுத்தினால் எஞ்சியவை யாவும் தாமே ஒத்துவரும். பலகை இல்லாவிடினும், எல்லாக் காமிராக்களும் காணுமாறு ஒருவர் ஒருமுறை கைதட்டினாலே போதும். தொழில்முறைக் காமிராக்கள் ஒவ்வொரு பிரேமிலும் மணி, நிமிடம், நொடி, பிரேம் எண் ஆகிய நான்கையும் பொறித்துவிடுகின்றன. எல்லாக் காமிராக்களின் கடிகாரமும் தொடக்கத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தால், இவ்வெண்களைக் கொண்டே பொருத்திவிடலாம்.

இவை ஏதும் இல்லாதபோது மென்பொருள் ஒலியின் துணையை நாடுகிறது. மூன்று பதிவுகளிலும் உள்ள உறுமி மேளத்தின் ஒலியை ஒப்பிட்டு, ஏற்ற இறக்கங்கள் ஒத்திருக்கும் இடத்தைத் தானே கண்டு பொருத்துகிறது. இம்முறை மிகவும் வசதியானது. ஆயினும் இதனை முழுதும் நம்பிவிடுதல் கூடாது. ஏன்?

ஆற்றங்கரையில் வளர்ந்த சிறுவருக்கு இதற்கு விடை தெரியும். அக்கரையில் ஒருவர் கல்லில் துணியை அடித்துத் துவைக்கிறார். துணி கல்லில் விழுவது முதலிற் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் கை மீண்டும் மேலே உயரும்போதுதான் அடியோசை காதில் விழுகிறது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வது. 100 மீட்டர் தொலைவில் நின்ற மாணவனின் கைப்பேசிக்கு மேள ஒலி ஏறத்தாழ பத்தில் மூன்று நொடி தாமதித்தே வந்திருக்கும். 25 பிரேம் கணக்கில் அது 7 பிரேம் ஆகும். ஒலியை மட்டும் நம்பிப் பொருத்தினால், அவன் எடுத்த காட்சி மற்றைக் காட்சிகளினின்றும் 7 பிரேம் பிறழ்ந்து நிற்கும். ஒரு காட்சியில் மேளக்காரரின் குச்சி தோலைத் தொட்டிருக்க, மறு காட்சியில் அது வேறோர் இடத்தில் இருக்கும். ஆகவே ஒலியாற் பொருத்திய பின்னரும், கண்ணால் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். விழாவில் வேட்டு வெடிக்கும்போது எழும் பளிச்சென்ற ஒளி இதற்கு நல்ல சான்று. அவ்வொளியை எல்லாக் காமிராக்களும் ஒரே கணத்தில் கண்டிருக்கும்.

தொடக்கத்தில் ஒத்துவந்தது இறுதிவரை ஒத்துவரும் என்றும் எண்ணுதல் தவறு. இரு கடிகாரங்களை இன்று ஒன்றாக வைத்தாலும் சில நாட்களில் அவை சற்று வேறுபடுதல் இயல்பு. காமிராக்களுள் இருக்கும் கடிகாரமும் அத்தகையதே. ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு நொடி வேறுபட்டாலும் இரண்டரைப் பிரேம் பிறழ்ந்துவிடும். நீண்ட பதிவாயின் நடுவிலும் இறுதியிலும் மீண்டும் சரிபார்ப்பதே அறிவுடைமை.

நிறமும் திசையும்

மூன்றாவது இடர் நிறத்தைப் பற்றியது. ஒரே வெண்ணிற வேட்டி ஒரு காமிராவில் மஞ்சளாகவும் மற்றொன்றில் நீலமாகவும் தோன்றக்கூடும். ஒவ்வொரு காமிராவும் எதனை வெண்மை என்று கொள்கிறது என்பதைப் பொறுத்தது அது. படமெடுக்கும் முன் மூவரும் ஒரே வெள்ளைத் தாளைத் தத்தம் காமிராவுக்குக் காட்டி, இதுவே வெண்மை என்று குறித்துக்கொண்டால் வேறுபாடு பெரிதும் குறையும். எஞ்சியதை மென்பொருளில் திருத்தலாம். அப்போது நல்ல காமிராவின் படத்தை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கச் செய்வர்.

நான்காவது இடர் திசையைப் பற்றியது. தேரின் இடப்புறத்தில் நிற்பவருக்கு அது ஒரு திசையில் செல்வதாகவும், வலப்புறத்தில் நிற்பவருக்கு அதற்கு எதிர்த்திசையில் செல்வதாகவும் தோன்றும். இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்தால், தேர் திடீரெனத் திரும்பி வந்துவிட்டதாகவே காண்பவர் எண்ணுவர். ஆதலால் தேர் செல்லும் வழியை ஒரு கோடாகக் கருதி, எல்லாக் காமிராக்களையும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிறுத்துவது மரபு. மறுபக்கத்துக் காட்சி வேண்டுமாயின், தேர் நேராக முன்னோக்கி வரும் காட்சி ஒன்றை இடையில் வைத்து மனத்தைத் தயார் செய்வர்.

தேர்ந்தெடுத்தல்

வேகமும் நேரமும் நிறமும் ஒத்துவந்தபின் தேர்வு தொடங்குகிறது. இன்றைய தொகுப்பு மென்பொருள்களில் எல்லாக் காமிராக்களின் காட்சிகளையும் கட்டங்கட்டமாக ஒரே திரையிற் காணலாம். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ, பைனல் கட் புரோ முதலியன இவ்வசதி உடையன. மூன்று காட்சிகளும் ஒருங்கே ஓடிக்கொண்டிருக்க, தொகுப்பாளர் வேண்டிய கட்டத்தைச் சுட்டுவார். அந்நொடி முதல் அக்காட்சி தொகுப்பில் இடம்பெறும். சற்றுப் பின் வேறொன்றைச் சுட்டுவார். ஒலி மட்டும் மாறாது. மூன்றனுள் தெளிவான ஒலிப்பதிவு எதுவோ அதுவே தொடக்கமுதல் இறுதிவரை ஓடும். அதனால் காட்சி மாறுவது கண்ணுக்கு உறுத்தாமல் அமைகிறது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. படச்சுருளை வெட்டினால் வெட்டியதுதான். ஒட்டியதை மீண்டும் பிரித்தால் வடு எஞ்சும். கணிப்பொறியிலோ மூலப்பதிவு தொடப்படுவதே இல்லை. எங்குத் தொடங்கி எங்கு முடிவது என்னும் குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது. எத்தனை முறையும் மாற்றலாம், தவறினால் திரும்பலாம். இவ்வெளிமை பெரும் நன்மையாகும். ஆனால் எளிமை மிகும் இடத்தில் பொறுப்பும் மிகுதல் வேண்டும்.

உண்மையைக் காத்தல்

ரஷ்ய நாட்டுத் திரைப்பட அறிஞர் லெவ் குலெஷோவ் என்பார், படத்தொகுப்பின் ஆற்றலை ஆராய்ந்தவர். யாதோர் உணர்ச்சியும் காட்டாத ஒரே முகத்தை, உணவின் படத்தோடு சேர்த்தால் காண்போர் அதிற் பசியைக் காண்பர். சவப்பெட்டியின் படத்தோடு சேர்த்தால் துயரத்தைக் காண்பர் என்பது அவர் பெயரால் வழங்கும் கருத்து. முகம் மாறவில்லை, அடுத்து நின்ற படம் மாறியது, பொருளே மாறிவிட்டது.

இதனைக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பொருத்திப் பார்க்கலாம். கூடலூரை அடுத்த ஒரு வயல் வரப்பில் ஓர் உழவர் நின்று தொலைவை நோக்குகிறார். அவர் முகத்திற்குப் பின் கரைபுரளும் முல்லையாற்றைக் காட்டினால், "நீர் வந்தது, மகிழ்கிறார்" என்று காண்பவர் கொள்வர். வறண்ட வாய்க்காலைக் காட்டினால், "நீர் இல்லை, வருந்துகிறார்" என்று கொள்வர். அவ்வுழவரோ தம் மகன் உணவு கொண்டு வருகிறானா என்று பார்த்து நின்றிருக்கலாம். அவர் சொல்லாத சொல்லைத் தொகுப்பாளர் அவர் வாயில் வைத்துவிடுகிறார்.

இது விளையாட்டன்று. பெரியாற்று நீர் தமிழ்நாட்டில் பயிருக்கு உயிர். அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்வோருக்கோ அணையைப் பற்றிய அச்சம் உண்டு. 2011ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வணை குறித்து இரு மாநில எல்லையிலும் பெரும் பதற்றம் நிலவியது. அத்தகைய வேளையில், வேறோர் ஆண்டின் வெள்ளத்தை அன்றைய அணையின் படத்தோடு இணைத்து ஒருவர் பரப்புவாராயின் விளைவு என்னாகும்? வேறோர் ஊரில் எழுந்த கூக்குரலை இவ்வூர்க் கூட்டத்தின் காட்சியோடு சேர்ப்பாராயின் என்னாகும்? ஒவ்வொரு துண்டும் மெய்ப்படமே; ஆயின் சேர்க்கை பொய். அப்பொய்யால் அண்டை அயலார் பகைவராவர், எளியோர் அடிபடுவர். துண்டுகள் யாவும் மெய்யாக இருப்பதனாலேயே அத்தகைய பொய்யைக் கண்டறிதல் மேலும் அரிதாகிறது.

ஆதலின் நற்றொகுப்பாளர் சில நெறிகளைக் கைவிடார். எப்பதிவு எங்கு, என்று, எவரால் எடுக்கப்பட்டது என்பதைக் குறித்து வைப்பார். வேறொரு நாளின் காட்சியைச் சேர்க்க நேர்ந்தால், அதனைத் திரையில் எழுத்தாற் காட்டுவார். முன்னர் நிகழ்ந்ததைப் பின்னரும், பின்னர் நிகழ்ந்ததை முன்னரும் வைத்துக் காரண காரியத்தைப் பிறழச் செய்யார். ஒருவர் பேச்சை நடுவே வெட்டி அவர் கருத்தை மாற்றார். மூலப்பதிவுகளை அழிக்காது காப்பார். ஐயுறுவோர் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அவையே சான்று.

செட்டியார் திரட்டிய படச்சுருள்களை மீண்டும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். ஓராண்டில் எடுத்த காட்சியை வேறோர் ஆண்டின் நிகழ்ச்சியாகக் காட்டிவிட்டால், அது ஒரு படத்தின் பிழையாக மட்டும் நில்லாது. வரலாற்றின் பிழையாகவே நிலைத்துவிடும். வாய்மையையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையைத் தொகுப்போர் துண்டுகளின் ஊரையும் ஆண்டையும் ஆய்ந்து அறிதல் இன்றியமையாததாகும். நூறு பேர் தத்தம் இடத்தில் நின்று கண்டதை ஒருவர் ஒழுங்குபடுத்துகிறார் எனின், அந்நூறு பேரின் நம்பிக்கையும் அவர் கையில் இருக்கிறது.

கருவியும் கருத்தும்

இன்று திரைப்பட நிலையங்களில் மட்டுமன்றி, திருமணப் படமெடுக்கும் சிறு ஸ்டுடியோக்களிலும் மாணவர்களின் கைகளிலும் கூடத் தொகுப்புக் கருவிகள் வந்துவிட்டன. பள்ளி ஆண்டு விழாவை நான்கு மாணவர்கள் நான்கு கைப்பேசிகளில் எடுத்து, மாலைக்குள் ஒரே படமாக்கிவிடலாம். வேகத்தைச் சீராக்குதல், நேரத்தைப் பொருத்துதல், நிறத்தை ஒப்பச் செய்தல் ஆகிய மூன்றிலும் மென்பொருள் உதவுகிறது; பிழைகளிற் பலவற்றைத் தானே திருத்துகிறது. ஆனால் இக்காட்சிக்குப் பின் அக்காட்சியை வைத்தல் நேர்மையா என்னும் கேள்விக்கு விடை சொல்ல மென்பொருளால் இயலாது. அதனைச் சொல்ல வேண்டியவர் அதன்முன் அமர்ந்திருப்பவரே.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. படம் காண்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. படம் தொகுப்போரோ மறத்தல் ஆகாது.

தேர் நிலையை வந்து அடைந்தபின் கூட்டம் கலைகிறது, மேளம் ஓய்கிறது, முல்லையாறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் பல சென்றபின், அன்று வடம் பிடித்தோரின் பேரப்பிள்ளைகள் அந்நாளைக் காண விரும்புவர். மாடியில் நின்றவரும், வடத்தருகே நின்றவரும், தொலைவில் நின்ற மாணவனும் கண்டவை ஒன்றுகூடி அவர்கள்முன் தோன்றும். மூன்று கண்களும் கண்டதைப் பொய்கலவாது சேர்த்த படமாயின், அப்பிள்ளைகள் காண்பது அந்நாளையே ஆகும்.